நெரெய்தா எடுத்த டபிள்யூ

நெரெய்தா ஓல்கின் முதன்முதலாக என் ஜன்னலுக்கு வந்த அன்று நான் அவளைத் திட்டித்தான் வரவேற்றேன். எங்கள் கல்லூரியில் உயிரியல் லேபுக்குப் பின்னால் ஒரு சாமான் அறை இருக்கிறது. மைக்ராஸ்கோப், கண்ணாடி ஸ்லைடு, மருந்துத் தண்ணீரில் ஊறும் ஆட்டு இதயம் என்று எல்லாமே அங்கிருந்து ஒரு ஜன்னல் வழியாகத்தான் வெளியே போகும், திரும்பி வரும். இருபத்தொன்பது வருஷமாக அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் நான், ஒஃபேலியா. அன்றைக்குக் காலையில்தான் தரையைத் துடைத்து முடித்திருந்தேன். இவள் தோட்டத்துப் பூட்ஸோடு, பூட்ஸ் நிறையச் சேற்றோடு, நேராக வந்து நிற்கிறாள்.

"ஏம்மா, இது என்ன மாட்டுக் கொட்டகையா? வாசல்ல அவ்ளோ பெரிய மிதியடி கெடக்குதே, கண்ணு தெரியல?"

"மன்னிச்சிருங்கக்கா. இந்த மண்ணப் பாக்கணும்னுதான் எடுத்துட்டு வந்தேன்." ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினாள். "பூட்ஸ்ல இருக்கறது கூடவே வந்துருச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

பைக்குள் திராட்சைக் கொடியின் வேர் இருந்தது. வேர் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சு. அவள் வேலை செய்த தோட்டத்தில் நாலு வரிசைக் கொடிகள் மட்டும் மூன்று வருஷமாக வளராமல் மஞ்சளாக நின்றனவாம். தண்ணீர் விடுகிறவன் சோம்பேறி என்று முதலாளி சொன்னாராம். அந்த மண்ணே ராசியில்லாதது என்று மேஸ்திரி பொலோ சொன்னானாம். தண்ணீர் விடுகிறவன் இவளுடைய தம்பி எலாதியோ. ரோஷம் வந்து, சாப்பாட்டு நேரத்தில் தானே மண்வெட்டி எடுத்துத் தோண்டிப் பார்த்திருக்கிறாள்.

உயிரியல் சார் ஒரு முடிச்சை ஊசியால் பிரித்து மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துக் கொடுத்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று உருண்டையாகத் தாய்ப்புழு, சுற்றி நூல் நூலாக நெளியும் குஞ்சுகள். வேரை உறிஞ்சுகிற நூற்புழு. அவள் கண்ணை எடுக்கவே இல்லை. சார் வீட்டுக்குப் போய்விட்டார், மாணவர்கள் போய்விட்டார்கள், நான் கூடத்தைப் பூட்ட வேண்டும். இரண்டு தடவை தொண்டையைச் செருமினேன்.

"பன்னெண்டு வருஷமா இதுங்க மேலதான்க்கா நின்னுக்கிட்டு இருந்திருக்கேன்" என்றாள், கண்ணை எடுக்காமலே. "ஒரு தடவ கூட மூஞ்சியப் பாத்ததில்ல."

அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பத்து வயதில் ஒரு மகள், யாரெலி. புருஷன் வேறொருத்தியோடு வாஷிங்டன் பக்கம் ஆப்பிள் பறிக்கப் போனவன், போனவன்தான். அம்மா எல்லைக்கு அப்பால், சொந்த ஊரான மிச்சோவகானில். இந்த ஊரில் அவளுக்கென்று இருந்தது மகளும் தம்பி எலாதியோ குடும்பமும்தான். பொழுதுபோகவில்லை என்று ஒரே ஒரு உயிரியல் வகுப்பு எடுத்திருந்தாள். அந்த முடிச்சைப் பார்த்த பிறகு அது பொழுதுபோக்காக இருக்கவில்லை.

எங்கள் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகலாம் என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறார்கள். போஸ்டரில் இருக்கிற பிள்ளைகள் பல் தெரியச் சிரிக்கிறார்கள். இரண்டு வருஷத்தில் போனவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். தோட்ட வேலை பார்க்கிற எங்கள் ஜனங்களுக்கு அது ஆறு வருஷப் படிப்பு. ஆகஸ்டில் கல்லூரி திறக்கும்; அதே ஆகஸ்டில்தான் திராட்சையைப் பறித்து வரிசைக்கு நடுவே தாள் விரித்துக் காயவைக்கிற வேலையும் தொடங்கும். அதனால் நெரெய்தா இலையுதிர்ப் பருவத்தில் ஒரு பாடம், வசந்தத்தில் இரண்டு பாடம் என்று எடுத்தாள். உயிரியல் இரண்டு பாகம், வேதியியல் இரண்டு பாகம், கணக்கு, இயற்பியல். கணக்கில் ஒரு தடவை டபிள்யூ வாங்கினாள்.

இந்த டபிள்யூவைச் சொல்லியாக வேண்டும். ஒரு பாடம் ஓடவில்லை என்றால், குறிப்பிட்ட தேதிக்குள் விலகிக்கொள்ளலாம். மார்க் தாளில் அந்தப் பாடத்துக்கு நேரே டபிள்யூ என்று ஓர் எழுத்து விழும், அவ்வளவுதான். ஃபெயில் கிடையாது, சராசரி குறையாது. எங்கள் கல்லூரியில் டபிள்யூ இல்லாத மார்க் தாளை நான் பார்த்ததே இல்லை. பிள்ளைக்கு அம்மை என்றால் டபிள்யூ, கார் ரிப்பேர் என்றால் டபிள்யூ. நானே ஒரு காலத்தில் மூன்று வாங்கினேன், கடைசியில் படிப்பை விட்டுவிட்டு இந்த ஜன்னலுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தேன். ஜன்னலில் வந்து அழுத பிள்ளைகளுக்கு எல்லாம் நான் சொன்ன ஒரே மருந்து அது. "எஃப் விழுந்தா ஆளையே சாச்சிரும். டபிள்யூ ஒண்ணும் செய்யாது. போய் வெலகிட்டு, மூஞ்சியக் கழுவிட்டு வா." வருஷக்கணக்காகச் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அவர்களில் யாரும் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஆறாவது வருஷம் ஏப்ரலில் அவளுக்கு இடம் கிடைத்தது. வடக்கே நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கிற பல்கலைக்கழகம். நூற்புழுவுக்கென்றே அங்கே ஒரு துறை இருக்கிறதாம். செய்தி செல்போனில் வந்தபோது அதே தோட்டத்துப் பீச் மரத்தில் ஏணி மேல் நின்றிருந்தாளாம். அப்படியே இறங்கி, காரை எடுத்துக்கொண்டு, அதே பூட்ஸோடு என் ஜன்னலுக்கு வந்தாள். அன்றைக்கு நான் சேற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் வழியாகவே கையை நீட்டிக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், அடுக்கி வைத்த கண்ணாடி ஸ்லைடெல்லாம் கீழே விழுந்து நொறுங்கின.

பொலோவின் ஆட்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை பன்றிக்கறி வறுத்து விருந்து வைத்தார்கள். நானும் போயிருந்தேன். அன்றிலிருந்து தோட்டத்தில் அவளுக்குப் பெயர் டாக்டரம்மா.

"டாக்டரம்மா, எனக்கு வயித்துல புழு இருக்கு, பாக்கறீங்களா?"

"ஒனக்கு வயித்துல இல்லடா, மண்டைல இருக்கு. அதுக்கு மைக்ராஸ்கோப்பு வேண்டாம், இங்கேருந்தே தெரியுது."

பொலோ கையில் டார்ட்டியா ரொட்டியோடு எழுந்து, "நாளைக்கு நம்மளையெல்லாம் கண்டா யாருன்னு கேப்பா பாருங்க" என்றான். "இப்பவே யாருன்னுதான் கேக்கறேன், ஒன்னோட மூஞ்சி அப்படி" என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பல்கலைக்கழகத்தில் குடும்பத்தோடு படிக்கிறவர்களுக்கு வீடு தருகிறார்களாம். யாரெலி தன் அறைச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நெரெய்தாவை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

விருந்து முடிந்து ஒன்பதாவது நாள் எலாதியோ ஏணியிலிருந்து விழுந்தான். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

பீச் காய்களைப் பறித்துக் குறைக்கிற பருவம் அது. அப்படிக் குறைத்தால்தான் மிச்சக் காய் பருக்கும். ஏப்ரல் கடைசி, மே என்று மூச்சு விட நேரமிருக்காது. பொலோவின் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் படுத்துவிட்டால் அவன் வீட்டு ஆள் யாராவது வந்து அவன் ஏணியில் நிற்க வேண்டும். நின்றால் அவன் இடம் அவனுக்கே. நிற்காவிட்டால் வேறொருவனுக்குப் போய்விடும். எலாதியோ, அவன் மனைவி, மூன்று வாண்டுகள், எல்லோரும் இருந்தது தோட்டத்து வீட்டில். இடம் போனால் வீடும் போகும். அவன் மனைவி ஆறு மாதக் கர்ப்பம். பிறகு யார் நிற்பது? நெரெய்தா தன் வேலை நேரத்தை அரை நாளாக்கி வைத்திருந்தவள், தம்பிக்காக முழு நாளும் நின்றாள்.

வேலை முடிய மாலை மூன்றரை. வேதியியல் இரண்டாம் பாகத்தின் லேப், செவ்வாயும் வியாழனும் மதியம் ஒன்றுக்கு. மூன்று லேப் தவறினால் ஃபெயில். இரண்டு ஏற்கெனவே தவறிவிட்டன. விலகுவதற்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வியாழன் சாயங்காலம் அவள் என் ஜன்னலுக்கு வந்தாள், கை முழுக்கப் பீச் காயின் சுணை, சொறிந்து சொறிந்து சிவந்திருந்தது.

"என்னக்கா பண்றது?"

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? டபிள்யூ போட்டுரு. ஃப்ரெஸ்னோ காலேஜ்ல கோடைக்கு அதே பாடம் வெக்கிறாங்கல்ல, ஜூன்ல எடுத்து முடிச்சிரு. செப்டம்பர்லதானே அங்க போற?"

"அது சரிதான்க்கா. ஆனா அவங்க குடுத்த லெட்டர்ல, வசந்தத்துல எடுத்த பாடமெல்லாம் முடிக்கணும்னு போட்டிருக்கு. ஏதாவது மாறினா தெரியப்படுத்தணும்னும் போட்டிருக்கு."

"எல்லா லெட்டர்லயும் அப்படித்தான் போடுவான்."

"எழுதிச் சொல்லிரட்டுமா? தம்பி விழுந்துட்டான், இப்படி இப்படின்னு."

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! என் அப்பா இந்தப் பள்ளத்தாக்கில் முப்பது வருஷம் குடியேற்றக் காகிதம் இல்லாமல் வாழ்ந்தவர். ஆபீஸ்காரன் கேட்டால் பதில் சொல், கேட்காததை வாயைத் திறந்து சொல்லாதே என்பதுதான் எங்கள் வீட்டில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். அவளுக்குக் காகிதம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. காகிதம் வந்தும் அந்தப் பயம் போகவில்லை.

"பைத்தியமாடி நீ?" என்றேன். "தூங்கறவனத் தட்டி எழுப்பி, என்மேல தப்பு இருக்கு பாருங்கன்னு காட்டப் போறியா? ஒன்னைய மாதிரி ஆயிரம் பேரு வராங்க அங்க. எவன் ஒக்காந்து ஒவ்வொருத்தரோட மார்க் தாளையும் நோண்டப் போறான்? சொன்னாத்தான் வம்பு. பேசாம கோடையில பாடத்த முடி, தாள அனுப்பு. முடிஞ்சு போச்சு."

அவள் ஜன்னல் திண்டில் இருந்த கையைத் தேய்த்துக்கொண்டாள்.

"சரிக்கா" என்றாள். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஜூன் பத்தாம் தேதியிலிருந்து ஃப்ரெஸ்னோவுக்குப் போனாள். விடியலில் தோட்டம், மூன்றரைக்குக் கார், ஐந்திலிருந்து ஒன்பது வரை வகுப்பு. அந்தச் சூட்டில் காரில் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓட்டினாள். வகுப்பு முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போது, ஜூலை பதினேழாம் தேதி, பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. கல்லூரி அனுப்பிய மார்க் தாளில் அந்த டபிள்யூவைப் பார்த்துவிட்டார்கள்: வசந்தப் பாடத்தை முடிக்காத காரணத்தால் உங்கள் இடம் ரத்து செய்யப்படுகிறது.

என்னிடம்தான் கொண்டுவந்தாள். படித்தேன். திரும்பப் படித்தேன். அவள் அழவில்லை, "இதுக்கு மேல்முறையீடு பண்ணலாமாம், கீழ போட்டிருக்கு" என்று மட்டும் சொன்னாள். இரண்டு பேரும் லேப் மேஜையில் உட்கார்ந்து எழுதினோம். எலாதியோவின் ஆஸ்பத்திரிச் சீட்டு, பொலோவின் கையெழுத்துப் போட்ட கடிதம், ஃப்ரெஸ்னோ வாத்தியாரின் கடிதம் எல்லாம் வைத்தோம். வகுப்பு முடிந்தது. ஏ வாங்கினாள். அந்த ஏவையும் அனுப்பினோம்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி பதில் வந்தது. மரியாதையான கடிதம். அவளுடைய நிலைமையைப் புரிந்துகொள்கிறார்களாம். விலகுவதற்கு முன்போ, விலகியவுடனோ எங்களுக்கு ஒரு வரி தெரிவித்திருந்தால், கோடையில் பாடத்தை முடிக்க வழக்கம்போல அனுமதி தந்திருப்போம். தெரிவிக்காததால் ஒன்றும் செய்வதற்கில்லை.

வழக்கம்போல! அந்த ஒரு சொல்லைப் பார்த்துப் பார்த்து நான் குமைந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். போஸ்டரில் சிரிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கெல்லாம் அது தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. தெரியாதவள் வாயை மூடிக்கொண்டாவது இருந்தேனா?

"நான் எழுதறேன்டி" என்றேன். "இந்தக் கல்லூரில வேலை பாக்கற நான்தான் சொல்ல வேண்டாம்னு சொன்னேன், அவ மேல தப்பில்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். என்னைய என்ன வேணா பண்ணிக்கட்டும்."

"வேண்டாம்க்கா."

"ஏன் வேண்டாம்? என்னாலதானே போச்சு?"

"ஒங்களால ஒண்ணும் போகல" என்றாள் நெரெய்தா, என் முகத்தைப் பார்த்து, நிதானமாக. "நீங்க சொல்லலன்னாலும் நான் எழுதியிருக்க மாட்டேன். எனக்கே பயம். ஒங்ககிட்ட சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன், அவ்ளோதான்."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் அதற்குப் பிறகு உயிரோடு இருந்தேன். ராத்திரி தூக்கம் கலைந்தால் அதையே சொல்லிக்கொள்வேன். அவளே எழுதியிருக்க மாட்டாள். அவளுக்கே பயம்.

அடுத்த நவம்பரில் மறுபடியும் விண்ணப்பிக்கலாம். பாடமெல்லாம் கையில் இருந்தது, ஒன்றும் பாக்கியில்லை. நவம்பர் முதல் தேதியே நான் அவளைக் கூப்பிட்டேன். பார்க்கிறேன் என்றாள். பதினைந்தாம் தேதி கூப்பிட்டேன். கடைசி நாளுக்கு முந்தின நாள் வீட்டுக்கே போனேன். எலாதியோவின் இடுப்பு சரியாகக் கூடவில்லை. இனி ஏணி ஏற மாட்டான். அவன் ஏணி இப்போது இவளுடையது. யாரெலிக்குப் பள்ளியில் கடைசி வருஷம் வருகிறது. இதையெல்லாம் சொன்னாள். அவ்வளவும் நிஜம்தான். ஆனால் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, முதுகைக் காட்டிக்கொண்டு கடைசியாக ஒன்று சொன்னாள்.

"தோட்டத்துல இப்பல்லாம் டாக்டரம்மான்னு கூப்பிடறதில்லக்கா. ஒருத்தனும் கேலி பண்றதில்ல. பொலோ கூட நெரெய்தான்னுதான் கூப்பிடறான். அந்தப் பரிதாபத்த என்னால இன்னொரு தடவ தாங்க முடியாது."

நான் அவளை வற்புறுத்தவில்லை. இந்த வாய்க்கு இனி அவள் விஷயத்தில் பேச என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. ஜன்னலுக்கு வருகிற பிள்ளைகளிடமும் நான் யோசனை சொல்வதை நிறுத்திவிட்டேன். கேட்டால், "ஆலோசகர் ரூம் மாடில இருக்கு, அங்க போய்க் கேளு" என்பேன். ஒஃபேலியாவுக்கு வயசாகிவிட்டது, கடுகடுப்பு கூடிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும்.

இரண்டு வருஷம் கழித்து, போன ஆகஸ்டில், கல்லூரி திறந்த முதல் திங்கட்கிழமை, என் ஜன்னலில் யாரெலி வந்து நின்றாள். நர்ஸ் படிப்புக்கு முதலில் உயிரியல் எடுக்க வேண்டுமாம். அம்மாவின் நெற்றி, அம்மாவின் தோள். லேபுக்குப் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடியும் ஏப்ரனும் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

"பாடம் எதையாவது விட வேண்டி வந்தா எங்கிட்ட வராத" என்றேன், விளையாட்டாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒங்கம்மாவக் கேளு."

"இல்ல அத்தை, நான் எதுவா இருந்தாலும் உடனே எழுதிப் போட்டுருவேன்" என்றாள் அவள், ஏப்ரன் நாடாவைக் கட்டிக்கொண்டே. "அம்மா மாதிரி எழுதி வெச்சிட்டு அழிக்க மாட்டேன்."

"எத அழிச்சா?"

"அதான் அந்த லெட்டரு. பல்கலைக்கழகத்துக்கு. மாமா விழுந்தப்ப எழுதினது. நான்தானே இங்கிலீஷ் திருத்திக் குடுத்தேன். நாலே வரிதான். தம்பி விழுந்துட்டான், அவனுக்காக நான் வேலைக்கு நிக்கறேன், இந்தப் பாடத்தக் கோடையில முடிக்க அனுமதி வேணும்னு. அனுப்பற பட்டன அமுக்கற நேரத்துல, ஒஃபேலியாக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறேன்னு கெளம்பினாங்க. திரும்பி வந்து அழிச்சிட்டாங்க." நிமிர்ந்து என்னைப் பார்த்தவள் முகம் மாறியது. "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அத்தை."

அவளுக்குப் பின்னால் நின்ற பையனுக்கும் கண்ணாடி எடுத்துக் கொடுத்தேன். அவனுக்குப் பின்னால் நின்றவளுக்கும் கொடுத்தேன். வரிசை தீர்ந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டுக் காரை எடுத்தேன்.

தோட்டத்தில் திராட்சை வேலை தொடங்கியிருந்தது. நெரெய்தா வரிசைக்கு நடுவில் முட்டிபோட்டுத் தாளை விரித்து, பழத்தை அதன்மேல் பரப்பிக்கொண்டிருந்தாள். தலையிலிருந்து கழுத்து வரை துணி சுற்றி, கண் மட்டும் தெரிந்தது. வேலை நேரத்தில், அந்த வெயிலில், லேப் கோட்டைக்கூடக் கழற்றாமல் மண்ணில் நடந்து வருகிற என்னைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"யாரெலி சொல்லிட்டாளா?"

"எங்கிட்ட ஏன்டி பொய் சொன்ன?" என்றேன். கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வரிசையில் ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "எழுதியிருக்கவே மாட்டேன்னு ஏன்டி சொன்ன?"

நெரெய்தா முகத்துணியைக் கீழே இறக்கினாள். கையிலிருந்த குலையைத் தாளில் வைத்தாள், பழம் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விரலால் விலக்கிவிட்டாள்.

"வேற என்னக்கா சொல்லச் சொல்றீங்க?" என்றாள். "எனக்குத்தான் எல்லாம் போச்சு. ஒங்களுக்கும் போகணுமா?"